டென்மார்க் அண்ணாச்சிக்கு ஒரு தகடு

பேட்டை, திருநெல்வேலி.
வெள்ளிக்கிழமை.

டென்மார்க்கில் இருக்கும் ஹென்ரிக் அண்ணாச்சி அவர்களுக்கு, பேட்டையில் தகடு வெட்டும் பட்டறை வைத்திருக்கும் சுடலைமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு மழையும் சுகமும் உண்டு. உங்கள் தளத்தில் உங்கள் படத்துக்குப் பதில் ஒரு பூனைதான் இருக்கிறது. வயது தெரியாததால் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்கிறேன்.

முத்துராணி என் மகள். எங்கள் மெஷினை ஓட்டும் மென்பொருளை நீங்கள் பல நாட்டுக்காரர்களோடு சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்று அவள்தான் சொன்னாள். நன்றாக இருங்கள். ஆனால் வீட்டு வாசல் கேட்டுக்குத் தகட்டில் மயில் வெட்டும்போது கரண்ட் போய் வந்தால், மெஷின் நின்ற இடத்தையே தொடக்கம் என்று எண்ணி மறுபடி அலகை வெட்டுகிறது. வாலில் அலகு முளைத்த மயிலை யார் வாங்குவார்?

விட்ட இடத்திலிருந்து வெட்டுவதற்கு என் மகள் நான்கு மாதம் உட்கார்ந்து நிரல் எழுதி அனுப்பினாள். சும்மா கொடுப்பதை வாங்கிக்கொள்ளவும் உங்களிடம் ஆயிரம் கேள்வி. பிள்ளை முகம் சுளிக்காமல் திருத்தினாள். கடைசியில், இது உங்களைத் தவிர வேறு யாருக்காவது தேவைப்படுமா என்று அவளிடம் கேட்டிருந்தீர்கள்.

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. கலெக்டரிடம் ரோடு கேட்டுப் போனால் ஊரே கையெழுத்துப் போட்டுத்தானே மனு கொடுப்போம்? அதே மாதிரி, ஜெராக்ஸ் கடை ஜெனோவை வைத்து இருபத்தேழு பேருக்கு உங்கள் தளத்தில் கணக்குத் திறந்தேன். ‘மேற்படி முத்துராணி நல்ல பெண், அவள் நிரலைச் சேர்க்க ஆவன செய்யவும்’ என்று ஒரே வாசகத்தை ஒரே மத்தியானத்தில் எல்லாரும் போட்டோம். பக்கத்துப் பட்டறை அசன் மைதீன் மட்டும் ‘நகல்: மாவட்ட ஆட்சியர்’ என்று கூடுதலாகப் போட்டார்.

ஒரே ஆள் இருபத்தேழு வேஷம் போடுவதாக நினைத்து நீங்கள் நிரலைச் சேர்க்கச் சொன்ன அவள் கோரிக்கையையே யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டீர்கள். “எப்பா, நான் பதில் எழுதிக்கிட்டுதான இருந்தேன். ஒங்கள யாரு கேட்டா?” என்றாள் முத்துராணி. அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. பதினொரு நாளாக எதுவானாலும் அவள் அம்மா வழியாகத்தான் வருகிறது. தாங்க முடியவில்லை, அண்ணாச்சி.

தப்பு என்னுடையது. என்னையும் ஜெனோவையும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பூட்டுங்கள். இந்தக் கடிதத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று அவன் வந்தான். செய்த உதவி போதும் என்று அனுப்பிவிட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். இதிலும் கையெழுத்துப் போட அசன் மைதீன் பேனாவோடு வந்தார். விடவில்லை.

கூடவே ஒரு தகடு வருகிறது. அவள் நிரலை வைத்து அவள் பெயரையே வெட்டினேன். ஐந்து எழுத்து முடிவதற்குள் மூன்று முறை கரண்ட் போனது. அதில் ஒரு முறை நானே மெயினை அணைத்தேன், பொய் சொல்லக் கூடாது. விரலால் தடவிப் பாருங்கள். எங்கே நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் அவள் நிரலைத் தள்ளிவிடுங்கள், நான் ஏனென்று கேட்க மாட்டேன். முடியாவிட்டால் பூட்டைத் திறந்து அவளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். படித்த சந்தோஷத்தில் கோபத்தை மறந்து, “எப்பா” என்று என்னைத்தான் முதலில் கூப்பிடுவாள்.

நீங்களும் பூனையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முத்துராணி அப்பா
சுடலைமணி