சாதியா தைத்த நீலக் கட்டம்

சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள லீலாவுக்கு,

அழகர்சாமி எழுதுவது. நானேதான் எழுதுகிறேன், யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் நமக்கு வந்த கடிதங்களை நீதான் படித்துக் காட்டினாய். இப்போது உனக்கே என் கையால் ஒன்று. ஒரு வரி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. இனியா பக்கத்தில் இருந்தால் இதோடு மடித்து வைத்துவிடு. மீதியைத் தனியாக இருக்கும்போது படி.

சமூக மன்றத்தில் நான் எடுக்கும் தையல் வகுப்பு நன்றாக நடக்கிறது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் வந்தவர்கள் இப்போது கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். நான் பலகையில் எல்லார் பெயரையும் எழுதிவைத்தேன். மாஸ்டர் எழுதப் பழகினதிலேர்ந்து இந்த ரூம் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆயிடுச்சுலா என்று வகுப்புக்கு வரும் ரவூப் பாய் கேலி செய்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பே சேர்ந்து குழந்தைக்குத் தைத்து அனுப்பிய போர்வையை வெளியே எடுக்காதே என்று போனில் சொன்னேன். நீ ஏன் என்று கேட்டதற்கு, சாயம் போகும் என்றேன். அது பொய். நீ காது கேட்கவில்லை என்று எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், இனியா பக்கத்திலேயே இருக்கிறாள். போன முறை ஏழாம் மாதத்தில் நடந்ததற்குப் பிறகு நம் மகள் எதைக் கேட்டாலும் பயப்படுகிறாள். நீ பெர்த்திலிருந்து போன் செய்தால் நானும் சாமியை நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.

பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு எதுவும் தைக்கக்கூடாது என்று நீ தடுத்தாய். எல்லாம் பழைய சேலை, பழைய சட்டை, புதுத்துணி ஒன்றும் இல்லை, அதனால் பரவாயில்லை என்று வாதாடி அனுப்பினேன்.

நேற்று வகுப்பில் தைக்கும் சாதியா அழுதுகொண்டே வந்தாள். அந்தப் போர்வையில் அவள் கட்டத்தைத் தைக்கும்போது மெஷின் ஊசி உடைந்திருக்கிறது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டும்போது புதியவர்களுக்கு அப்படி ஆகும். நான் திட்டுவேன் என்று பயந்து, வேறு ஊசி போட்டுத் தைத்து முடித்துவிட்டாள். முனை எங்கே போனது என்று தேடவில்லை. தேக்காவில் நான் தைத்த கடையில் உடைந்த ஊசியின் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து முழுசாக இருந்தால்தான் துணி வெளியே போகும். அதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

தரை முழுக்கக் காந்தம் வைத்துத் தேடினோம். கிடைக்கவில்லை. அது எப்பவோ குப்பையோட போயிருக்கும், விடுங்க மாஸ்டர் என்கிறார் பாய். இருக்கலாம். இனி வகுப்புக்கு வரமாட்டேன் என்ற சாதியாவிடம், வராவிட்டால்தான் திட்டுவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பாயின் தங்கை மகள் நஸீஹா பெர்த்தில்தான் படிக்கிறாள், லீவு முடிந்து திரும்புகிறாள். இதை உன் கையிலேயே தருவாள். உறையில் ஒரு காந்தம் இருக்கிறது. சாதியாவின் கட்டம் நீலம், வெள்ளைப் புள்ளி போட்டது. காந்தத்தை அதன்மேல் மெதுவாக நகர்த்து. இழுக்காவிட்டாலும் பிரித்துப் பார். மூன்று பக்கத் தையலையும் நடுவில் ஓடும் தையலையும் பிரித்தால், பையின் மூடிபோல மேல்துணி தூக்கும். ஒரு தையலை வெட்டு, இரண்டை விடு, பிறகு நூலை இழு, தானாக வரும். பஞ்சை விரலால் அழுத்தாதே, குத்திவிடும். வெள்ளைத் தட்டின்மேல் உதறு. அவசரப்படாதே, நீ நன்றாகவே செய்வாய்.

முனை கிடைத்தால், சாயம் போகவில்லை என்று போனில் சொல். கிடைக்காவிட்டால், சாயம் போகிறது என்று சொல். எனக்குப் புரியும். இனியாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அவளை மாடிப்படி ஏற விடாதே.

பிரித்த இடத்தை நீ தைக்காதே. விமானம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், பரவாயில்லை, வருகிறேன். குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு நானே உட்கார்ந்து தைக்கிறேன். நான் தைத்து முடிக்கும்வரை அது உன் மடியில் தூங்கட்டும்.

உன்,
அழகர்சாமி