பாலத்தடியில் பதினொரு பேர்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எழுத வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் நின்று பேச எனக்கு வாய் வராது. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் "உங்க தங்கச்சி என்ன, ஊமையா?" என்று அண்ணனிடம் கேட்டீர்கள். அந்த ஊமை இன்று பேசியே சம்பளம் வாங்குகிறது. அண்ணன் இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மொட்டைமாடிக்கு ஏறித் துணி காயப்போடுகிறாள். அப்பா ரேடியோவில் பாட்டு வந்தால் கேட்கிறார், செய்தி வந்தால் அணைத்துவிடுகிறார். உங்கள் வாயாடி மகளுக்குப் புதுப்பல் முளைத்துவிட்டதா? "அத்தை, பல்லு விழுந்துடுச்சு, இனிமே உன்னைக் கடிக்க முடியாது" என்று போனில் வருத்தப்பட்டாள்.

சண்டை நின்றபின் இரண்டு நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசும் குழுவில் நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்ததில் உங்களுக்குக் கோபம் என்று தெரியும். "அவங்க பாஷையைப் படிச்சு இவ என்ன கிழிக்கப் போறா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவங்க திட்டினா நமக்குப் புரிய வேண்டாமா?" என்று சொல்லிக் கல்லூரியில் சேர்த்துவிட்டவன் அண்ணன்தான்.

ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில்தான் கூட்டம் நடக்கிறது. கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு ஒன்று இன்னும் இருக்கிறது. மேஜைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள், மேஜையின் முனையில் சண்டையில் சேராத மூன்று நாடுகளின் ஆட்கள். முதல் வாரம் நாற்காலிச் சண்டையிலேயே போய்விட்டது. நம் நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருந்தது, அவர்களுடையதற்கு இல்லை. கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு எல்லாக் கைப்பிடிகளையும் அறுக்கச் சொன்னார்கள். அவர் அறுத்துக்கொண்டே, "நாற்காலிக்கே இவ்வளவு நாளா? எல்லைக்கோடு போட்டு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் சிரித்தது. அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் காதோடு காதாகச் சொல்லியிருக்க வேண்டும். பருத்த, வயதான மனிதர். எந்நேரமும் வாயில் தொண்டை மிட்டாய். மனசுக்குள் அவருக்கு மிட்டாய்க்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு நாள் அவர், ஒரு நாள் நான் என்று முறை வைத்து, இரண்டு பக்கப் பேச்சையும் சொல்கிறோம்.

எங்கள் வேலையில் ஒரு விதி. "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றே சொல்ல வேண்டும். நடுவில் நாங்கள் என்று ஒரு ஆளே இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை என் முறை. அவர்கள் பக்கத்து ராணுவ அதிகாரி ஒருவர் பாலத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள், வங்கியில் வேலை பார்ப்பவர் மாதிரி. கரும்பலகையைப் பார்த்தபடியே பேசினார். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசப் பேச நான் நம் பாஷையில் சொன்னேன். பாலத்துக்கு நான்தான் வெடி வைத்தேன். மேலே ஆட்கள் இருந்தது எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் நாலு பேரும் அதில் இருந்தார்கள். கத்திக் கூப்பிட்டேன், அவர்களுக்குக் கேட்கவில்லை. அதற்குமேல் காத்திருக்க எனக்கு உத்தரவு இல்லை.

அண்ணி, என் அண்ணன் நின்ற பாலத்தை நான் உடைத்தேன் என்று என் வாயாலேயே சொன்னேன். நான் அவன் தங்கை என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். நடுவில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். மிட்டாய்க்காரர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு மிட்டாயை என் பக்கம் தள்ளினார். வாங்கிக்கொண்டேன்.

குழு உங்களுக்கு அனுப்பிய செய்தி எனக்கும் தெரியும். ஆற்றிலிருந்து எடுத்தவர்களைக் கரையோரத்து ஜனங்கள் ஒரே குழியில் புதைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் ஏழு பேர், அவர்கள் நாலு பேர். அதை அப்படியே விட்டு, இரண்டு நாடும் சேர்ந்து பராமரிக்கலாம் என்கிறார்கள். இந்த அறையில் இரண்டு பக்கமும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான். ஆனால் ஒரு குடும்பம் வேண்டாம் என்றாலும் குழியைத் திறக்க வேண்டும். பத்துக் குடும்பங்கள் சரி என்றுவிட்டன. நீங்கள் மட்டும், "என் புருஷனைக் கொன்னவங்களோட அவர் படுத்துக் கிடக்க வேண்டாம், என்கிட்ட கொடுங்க" என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று மதியம் அங்கே போய்ப் பார்த்தேன். சுற்றிலும் வெறும் கயிறுதான் கட்டியிருக்கிறது. நம் பக்கத்துக் காவலாள் ஒருவன், அவர்கள் பக்கத்துக் காவலாள் ஒருவன். நம்மவனுக்குத் தும்மல் வந்தபோது அந்தப் பையன் தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்தான். குழிக்குப் பொறுப்பான வெளிநாட்டு டாக்டரம்மாவிடம் பிரித்தெடுக்க முடியுமா என்று கேட்டேன். "ஒருத்தரை முழுசா எடுக்கணும்னா மத்த பத்துப் பேரையும் கலைக்கணும். அப்பவும் முழுசாக் கிடைப்பார்னு என்னால சொல்ல முடியாது" என்றார். உங்கள் கையில் அண்ணன் என்று எதைக் கொடுப்பார்களோ என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை உங்கள் முடிவான பதிலைக் கூட்டத்தில் படிப்பார்கள். அன்றைக்கும் என் முறைதான். குழியைத் திறக்கச் சொன்னீர்களென்றால், நீங்கள் சொன்னதை அந்தப் பாஷையில், "நான்" என்று, நான்தான் சொல்ல வேண்டும். ஒரு எழுத்துக் குறைக்காமல் சொல்வேன். உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

வாயாடிக்கு என் முத்தம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஏற்கனவே ஒரு தடவை அவனைக் கொன்றேன் என்று சொல்லிவிட்டேன், அண்ணி. தோண்டுங்கள் என்றும் என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊமை நாத்தனார்