ராமுத்தாய் வீட்டுக்கு ஒரு குழாய்

வாளையார்
12-2-1977

அன்பு மகன் நஞ்சப்பனுக்கு அம்மா எழுதுவது. ராமுத்தாயின் அடுப்பை அணைத்தது நீதான். மற்றபடி இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், நீயும் பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் ஆபீஸ் திட்டத்தில் போன ஆனி மாதம் தொழுவத்துக்குப் பின்னால் கட்டிய சாண எரிவாயுக் குழி நன்றாகத்தான் வேலை செய்கிறது. நீல நெருப்பு, புகை இல்லை, என் இருமல் குறைந்துவிட்டது, அதை இல்லை என்று சொன்னால் பொய். வந்த விருந்தாளிக்கெல்லாம் அடுப்பைத் திருகித் திருகிக் காட்டினேன். ஆனால் நாலு மாட்டுச் சாணமும் குழிக்கே போதவில்லை என்று அப்பா ஒரு கூடைகூட வெளியே விடுவதில்லை. தொழுவம் கூட்டுகிறவளுக்குத் தினம் ஒரு கூடை சாணம் என்பது ராமுத்தாயின் மாமியார் காலத்திலிருந்து உள்ள வழக்கம், அவள் வீட்டில் சோறு வெந்தது அந்த வறட்டியில்தான். இப்போது அவளே கூட்டி, அவளே கரைத்து, நம் குழியில் ஊற்றிவிட்டு வெறுங்கூடையோடு போகிறாள். உனக்கு ஞாபகம் இருக்கும், பின்சுவரில் அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் வறட்டி தட்டுவோம், நாலு வயசில் நீ அம்மணமாக ஓடிவந்து ஈர வறட்டியில் எல்லாம் கையைப் பதிப்பாய், சின்னக் கவுண்டர் முத்திரை போட்டாச்சுங்க, இனி ஒருத்தனும் திருட முடியாதுங்க என்று அவள் சிரிப்பாள். அவளுக்கு இரண்டு பிள்ளை தவறியதையும் அந்தச் சுவரடியில்தான் என்னிடம் சொன்னாள். இப்போது சுவருக்கு வெள்ளையடித்துவிட்டோம், பார்க்க அழகாக இருக்கிறது, அங்கே போய் நிற்க எனக்கு ஒரு வேலையும் இல்லை.

விறகுக்கு அவள் காட்டுக்குப் போகிறாள். செவ்வாய்க்கிழமை காவல்காரர் அரிவாளை வாங்கிக்கொண்டு விரட்டிவிட்டாராம். மறுநாள் வழக்கம்போல் தொழுவம் கூட்ட வந்தவள் கோபமே இல்லாமல் கேட்டாள், "உங்க ஊட்டு மாடு உங்களுக்குச் சோறாக்குதுங்க, எங்கூட்டு அடுப்புல என்னத்தைங்க வெக்கிறது?" காபி போட்டுத் தொழுவ வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதுவும் உன் நீல நெருப்பில் போட்டதுதான்.

குழாயை அவள் வீடு வரை இழுக்க வழி சொல் என்று போன இரண்டு கடிதத்திலும் கேட்டேன், நடுவில் இருப்பது ஒரு களம்தான். கேஸ் காணாது, கண்ட ஊட்டுக்கும் கொடுக்க முடியாது என்கிறார் அப்பா, இதில் எது நிஜக் காரணம் என்று கேட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறார். நீயோ மேலதிகாரி பாராட்டியதையும் நாட்டுக்கு இத்தனை விறகு மிச்சம் என்பதையும் எழுதுகிறாய். யார் வீட்டில் மிச்சம் என்று எழுதவில்லை.

ஆண்டவன் உன்னை நல்லபடி வைக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. குழாய் வருமா, வராதா? இந்தக் கடிதத்துக்காவது அதற்கு ஒரு வரி பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தம்மாள்