ஒரே நட்சத்திரம், இரண்டு பிரசாதம்

1999, புரட்டாசி, வியாழன் இரவு

இன்று தம்பிகளின் பிறந்த நட்சத்திரம். கண்ணனும் ராமனும் இரட்டையர், ரோகிணி. சாலைக் கடைத்தெருவில் இருக்கும் அப்பாவின் கடையைப் பிரிப்பது பற்றிய சண்டையில் ஓணத்துக்கு முன்பிருந்தே இருவருக்கும் பேச்சில்லை.

காலையில் கண்ணன் கோயிலில் அர்ச்சனை செய்த வாழையிலைப் பிரசாதத்தோடு அடுக்களைக்கு வந்தான்.

"அக்கா, ராமன் பேருல புஷ்பாஞ்சலி கழிச்சேன். அவன்ட்ட குடுத்துரு. நான்னு சொல்லிராத, கேட்டியா."

கொஞ்ச நேரத்தில் ராமன் வந்தான். அவன் கையிலும் அதே போல ஓர் இலை.

"இது கண்ணனுக்கு. யாரோ தந்தாங்கன்னு சொல்லு."

"உன் பேருல கழிக்கலியா?"

"எனக்கெதுக்குக்கா? அவனுக்குத்தான் நேரம் சரியில்லன்னு ஜோசியர் சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவருக்கும் ஒரே ஜாதகம். அவனுக்குச் சரியில்லாத நேரம் இவனுக்கும்தானே! அது இவனுக்குத் தோன்றவே இல்லை. கண்ணனுக்கும் தோன்றியிருக்காது. என்ன பிறவிகள் இவர்கள்!

மத்தியானம் இருவரும் நெற்றியில் சந்தனத்தோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட உட்கார்ந்தார்கள். என் நட்சத்திரம் என்னவென்று இவர்களில் ஒருவனுக்காவது தெரியுமா? கேட்க வாய் வரை வந்தது.

ஆளுக்கு இன்னொரு கரண்டி பாயசம் விட்டேன்.