பாம்பனுக்கு வந்த உப்பு வாளி

மச்சான்,

இன்று காலை என் வலைக்கடைக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்த கூரியர்காரர் பெட்டிமேல் எழுதியிருந்ததை வாசித்தார். பிறகு எதிரே கிடந்த கடலைப் பார்த்தார். "அண்ணே, உப்பா? பாம்பனுக்கு உப்பா?" என்றார். பக்கத்து டீக்கடையே சிரித்தது. கையெழுத்துப் போட்டு உள்ளே தூக்கி வந்து, பெட்டியைப் பிரித்து, அதிலிருந்த உப்பு வாளியின் மூடியைத் திறந்தேன். லேசாகச் சுண்ணாம்பு கலந்த அந்த வாசம் வந்தது, உங்கள் வீட்டுக் கூடத்து வாசம்.

இந்த உப்பைப் பார்த்து முதன்முதலில் சிரித்தவன் நான்தானே. அபிராமத்தில் பிறந்து, கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காமல் வளர்ந்தவர் நீங்கள். எங்கள் அக்காளைக் காதலித்துக் கட்டியதும் கடல்மேல் கிறுக்குப் பிடித்துவிட்டது. ராமநாதபுரத்து வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, வடிகட்டிய தண்ணீரில் கடையில் வாங்கிய உப்பைக் கலக்கி, சென்னையிலிருந்து உயிரோடு வரவழைத்த பவளத்தை வளர்த்தீர்கள். "மச்சான், கடல் அங்கன சும்மா கிடக்கு. ரெண்டு கேன் மோந்துட்டு வாரேன்" என்றேன். நீங்கள் என் டீசல் கேனை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "கடலு ஊருக்கே பொது மாப்ளே, அது தன்னைத் தானே பாத்துக்கிரும். இந்தத் தொட்டிக்கு நான் ஒருத்தன்தான்."

அதிலும் உங்கள் தொழில் உரக்கடை. பகல் முழுக்க நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மூட்டை மூட்டையாக விற்பீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்து, அதே இரண்டும் தொட்டித் தண்ணீரில் ஏறிவிட்டதா என்று சின்னக் குப்பியில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பீர்கள். கொஞ்சம் கூடியிருந்தால் அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்காது. "ஊருக்கே சோறு போடுற சரக்கு, இதுக்கு விசமா இருக்கு பாரேன்" என்று புலம்புவீர்கள்.

வீட்டில் சாம்பிராணி கிடையாது, கொசுவத்தி கிடையாது. தொட்டிக்குள் கைவிடுகிறவன் கையில் சோப்பு வாடையே இருக்கக்கூடாது. சித்திரை வெயிலில் கரண்டு போனால், பேட்டரி விசிறி தொட்டிக்கு, பனையோலை விசிறி அக்காளுக்கு. ஏசி வாங்கியபோது "இவளுக்காகத்தான் வாங்குனேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, தொட்டிக்கு நேர் மேலே மாட்டினீர்கள். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

எல்லாவற்றிலும் மூத்தது அந்த மென்பவளம். தடித்த தண்டின்மேல் குடை விரித்தது மாதிரி இருக்கும், குடை முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள் ஆடும். நீங்கள் அதற்குக் குடைக்காரி என்று பெயர் வைத்தீர்கள். அக்கா வைத்த பெயர் சக்களத்தி.

பிறகு ஒரு நாள் கடையில் ரசீது எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, விடுங்கள்.

உங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீடு திரும்பினோம். வீட்டைக் கழுவிவிட்டு, உங்கள் அபிராமத்து அத்தை செம்போடு மூலைமூலையாக மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழையும்போது தொட்டி மூடி அவர் கையில் இருந்தது. "அய்யோ, வேணாம்!" என்று நான் அலறுவதற்குள், "வீட்டுக்குள்ள நிக்கிற தண்ணிக்கும் தீட்டு உண்டுல்லய்யா" என்று செம்பில் மிச்சமிருந்ததை அப்படியே கவிழ்த்துவிட்டார். குடைக்காரி ரசத்துக்குள் நிற்பது போல நின்றாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை மொண்டு மொண்டு வாசலில் ஊற்றினேன். துக்கத்துக்கு வந்தவர்கள், "பாவம், மச்சினனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்று என் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு, புது உப்புத் தண்ணீர் கலக்க ஒரு வாளியைத் தூக்கினேன். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், அழாமல், சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் எழுந்தாள்.

"ஏலே, அது சோப்புப் போட்டு வெளக்குன வாளிடா! அந்த நீல வாளிய எடு!"

அதன்பிறகுதான் மச்சான், அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே உப்பைக் கலக்கினாள்.

மற்றவை பிழைத்துக்கொண்டன. குடைக்காரி மட்டும் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, மெழுகு பூசிய மாதிரி ஒரு தோலோடு சுருங்கி நின்றாள். வாரங்கள் போயின. செத்ததை எடுத்துப் போடாவிட்டால் மற்றதும் கெடும் என்று அக்காளிடம் மெதுவாகச் சொன்னேன். "அவரு போறப்ப என்னைய யாரும் கேக்கல. இதையாவது நான் சொல்றப்ப எடு" என்றாள். குடைக்காரியும் போய்விட்டால் அக்கா மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அப்போது நீங்கள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: "சுருங்குனா செத்துச்சுன்னு அர்த்தமில்ல மாப்ளே, தோல் உரிக்குது. தண்ணிய சுத்தமா வச்சுட்டு, கைய வைக்காம சும்மா இரு." சும்மா இருப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்குமே வராத காரியம். இருந்தும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து தண்ணீர் மாற்றினேன், வாயை மூடிக்கொண்டு போனேன். அக்காளிடமும் எதையும் துருவிக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு நான் போனபோது அக்கா தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தோல் கிழிந்து நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. அடியில் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டன. நல்ல நேரம் பார்த்து உங்கள் அத்தையும் வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, எல்லாம் நான் ஊத்துன மஞ்சத்தண்ணி" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நீங்கள் போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தப் பெருமையை நாங்கள் அத்தைக்கே விட்டுவிட்டோம்.

இப்போது உரக்கடையை அக்காதான் நடத்துகிறாள், பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது. உரத்தூசி படுகிற இடத்தில் தொட்டி உப்பு இறங்கக்கூடாது என்ற உங்கள் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதனால்தான் பார்சல் பாம்பனுக்கு வருகிறது, என் மானம் டீக்கடையில் போகிறது.

சாயங்காலம் வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாலத்தைக் கடந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "வாளியில என்னய்யா?" என்றார். "உப்பு" என்றேன். அவர் இந்தப் பக்கக் கடலைப் பார்த்தார், அந்தப் பக்கக் கடலைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "கடலு ஊருக்கே பொது" என்ற உங்கள் பதிலையே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இந்தத் தொட்டிக்கு இப்போது நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறோம், மச்சான்.