ஏறும்போது மட்டும் தாண்டிய கோடு

ராம்சி,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ப்ரீஷாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அவருக்கு அந்த முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் முனகும், மற்றபடி சாப்பாடும் வாயும் நன்றாகவே வேலை செய்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஆலினும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அங்கே இப்போது குளிர் காலம், குழந்தைக்குக் காதை மூடி அனுப்பு. நீ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இனி பொறுமையாகப் படி.

ஏப்ரலில் நீ ஒரு செய்தி அனுப்பியிருந்தாய், அறுபத்து நாலு வயதில் ஆயிரம் சிசி மோட்டார் சைக்கிள் எதற்கம்மா, விற்றுவிடு, எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை என்று. நான் பார்க்கலாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமே இல்லை. உன் செய்தி வந்த அன்று நீ கேட்காமலே வண்டியை விற்கிற முடிவில்தான் நான் இருந்தேன். காரணத்தை உனக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும், பேக்கரி கவுன்ட்டரில் அத்தனை வருஷம் நின்றும் வராத பேச்சு இனியா வரப்போகிறது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் வெயில் நன்றாக இருந்தது, மலைமேல் நம் தீவைக் காக்கிற கடல் தெய்வம் மானனன் தன் மூடுபனிப் போர்வையைச் சுருட்டி வைத்திருந்தான், சரி ஒரு சுற்று போய் வருவோம் என்று கிளம்பினேன். ஊரைத் தாண்டி ஏறினால் வலப்பக்கம் திரும்புகிற கூஸ்நெக் வளைவு வருகிறதே, அதில் நான் வேகமாகக்கூடப் போகவில்லை, சாதாரணமாகத்தான் சாய்ந்தேன். எதிரே ஒரு ரொட்டி வேன் இறங்கி வந்தது. நேராக என் முகத்துக்கு நேரே. நான் நடுக்கோட்டைத் தாண்டி அவன் பக்கத்தில் இருந்தேன், ப்ரீஷா. அவன் ஹாரனை அழுத்திக்கொண்டே புல்லில் ஒதுக்கினான், நான் எப்படியோ என் பக்கம் வந்து சேர்ந்தேன். ஏய் கிழவி, முழு ரோடும் உங்கப்பன் வீட்டுச் சொத்தா என்று கத்திவிட்டுப் போனான். அவன் கத்தியதில் தப்பே இல்லை.

ஒரு தடவை நடந்தால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்த வாரம் இன்னும் மேலே வேறொரு வளைவில் ஒரு டிராக்டரோடு அதேபோல ஆயிற்று. கோட்டைத் தாண்டினோம் என்பதே தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. வோரி பெரியம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா, கார் ஓட்டிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் டக்ளஸ் ஊரில் எதிர்ப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள், ஏன் என்று கேட்டதற்கு, எதிர்ப்பக்கமா, யாரு, நானா என்றாள். அப்போது அவளுக்கும் அறுபத்து நாலுதான். இப்போது அவளை முதியோர் இல்லத்திலிருந்து வெளியே கூட்டிப்போனால் என் பெயரைச் சொல்லத் தெரிவதில்லை, ஆனால் தெற்கே அந்தத் தேவதைப் பாலத்தைத் தாண்டும்போது மட்டும் ஊர் வழக்கப்படி கையைத் தூக்கி, அதன் அடியில் இருப்பதாகச் சொல்கிற குட்டி மனிதர்களுக்கு வணக்கம் சொல்கிறாள். நான் தினமும் அடுப்பங்கரையில் நின்று அலமாரியில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் சல்லடை என்ற சொல் வர நேரமாயிற்று, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. டாக்டரிடம் போகவும் பயம், போனால் பெயர் வைத்துவிடுவாரே. வண்டியைத் துணி போட்டு மூடிவிட்டு அப்பாவிடம் பேட்டரி சரியில்லை என்றேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல், பேட்டரி யாருக்கு, உனக்கா உன் ரெண்டாம் புருஷனுக்கா என்றார். அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் அதுதான்.

உனக்கு அந்த வண்டி ஒரு ஆபத்து, அவ்வளவுதான், இல்லையா. எனக்கு அது என்ன என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வாழ்க்கை முழுக்க எல்லோரும் என் முகத்தைப் பார்த்தபடி ரொட்டி வாங்கிப் போனார்கள், அவர்கள் பார்த்தாலே எனக்குக் காது சிவந்துவிடும். ஹெல்மெட்டுக்குள் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கிற பையன்கள் வண்டியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள், நான் முகமூடிக் கண்ணாடியைத் தூக்கினால், அடடா பாட்டியா, மன்னிச்சுக்குங்க என்பார்கள், எதற்கு மன்னிப்பு என்று அவர்களுக்கும் தெரியாது. இடுப்பு பிடிக்கும், காலைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை மூச்சு வாங்க வேண்டும், எங்கே கழிப்பறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும், அதெல்லாம் உண்மை. ஆனால் மலைமேல் அந்த நீளச் சாலையில் வண்டி ஒரு முறை மூச்சை இழுத்து முன்னால் பாயும்போது என் உடம்பில் வலிக்கிற இடம் ஒன்றுகூட இருக்காது. இதை விடுவதென்றால் ஒரு கையையே இழப்பதுபோல. அப்படியும் விடத்தான் இருந்தேன், ஏனென்றால் அந்த வேனில் யாராவது ஒருத்தியின் பிள்ளை இருந்திருக்கலாம்.

நம் தீவில் எந்தச் செய்தியையும் மூடி வைக்க முடியுமா. வேன்காரன் எங்கேயோ சொல்ல, அது கிளப்பில் சீட்டாடுகிறவர்கள் காதுக்கு வந்தது, அதைக் கேட்டுவிட்டு உன் அப்பா வீடு வந்து சேர்ந்தார். கோபப்படவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தார், அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கோட்டைத் தாண்டினியாமே மோனா என்றார். ஆமாம், ரெண்டு தடவை என்றேன். அவர் அந்தக் கிழங்கைத் தோல் போய்ச் சதையும் போகிற அளவுக்கு உரித்துவிட்டு, வோரியை நினைச்சுக்கிட்டு இருக்கியா என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். விக்கணும்னா வித்துடலாம், ஆனா யாராச்சும் தெரிஞ்சவங்க ஒரு தடவை உன் பின்னாடி வந்து பாக்கட்டும், பாக்காம விக்காதே, அப்புறம் ஆயுசுக்கும் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பே என்றார்.

அப்படித்தான் கிர்ரீ வந்தாள். பீல் ஊர் மீன்பிடிக்காரர் ஸ்கில்லிகார்னின் மகள், அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், உன்னைப்போல. வார நாளில் அலுவலகம், சனிக்கிழமைகளில் வயதான ஓட்டுநர்களின் பின்னால் தன் வண்டியில் போய் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறாள். என்னைவிடக் கூச்சக்காரி. டீ குடிக்கிறாயா என்றால் கோப்பையிடம் பதில் சொல்கிறாள். ஹெல்மெட்டுக்குள் பேசுகிற கருவியை மாட்டிவிட்டு, நான் இடது வலது மட்டும்தான் சொல்லுவேன் மிஸஸ் கெர்மோட், மத்தபடி பேச மாட்டேன், நீங்க எப்பவும் போல ஓட்டுங்க என்றாள். ஏறினோம். கூஸ்நெக்கில் சாய்ந்தேன், காதுக்குள் அந்த மெல்லிய குரல், உங்க பக்கம், உங்க பக்கம் வாங்க என்று கத்தியது. மறுபடியும் தாண்டியிருந்தேன்.

மேலே ஓரமாக நிறுத்தினோம். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தேன். அவள் அங்கே மேய்ந்த ஆடுகளைப் பார்த்தபடியே, இறங்கும்போது எப்பவாச்சும் இப்படி ஆயிருக்கா என்று கேட்டாள். யோசித்தேன். இல்லை. வேனும் டிராக்டரும் ஏறும்போதுதான். சரி இறங்கலாம் என்றாள். இறங்கினோம், எல்லா வளைவிலும் என் பக்கத்திலேயே, கோட்டுக்கு ஒரு கை தள்ளி. மறுபடி ஏறினோம், மறுபடி தாண்டினேன். மறுபடி இறங்கினோம், சுத்தம். அவள் தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மிஸஸ் கெர்மோட், வருஷா வருஷம் நடக்கிற மோட்டார் சைக்கிள் பந்தயத்துல நீங்க எங்க நிப்பீங்க என்று கேட்டாள். இதென்ன கேள்வி, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் கூஸ்நெக் மேட்டில்தான் ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு மார்ஷலாகக் கொடியோடு நிற்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். அந்தப் பெண் சிரிப்பாள் என்றே நான் நினைக்கவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பந்தயத்துக்கு இந்த மலை ரோட்டை மூடிடறாங்க, எதிர்ல யாரும் வர மாட்டாங்க, அதனால ஒவ்வொருத்தனும் வலது வளைவுல கோட்டைத் தாண்டி உள்பக்கமா அறுத்துக்கிட்டுப் போறான், அதை நீங்க வருஷா வருஷம் பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க, உங்க கண்ணு கெட்டுப் போகல மிஸஸ் கெர்மோட், அது ரொம்ப நல்லாப் பாத்து வச்சிருக்கு. பந்தய வண்டியெல்லாம் இந்தப் பக்கம் ஏறத்தான் செய்யும், எதுவும் இந்தப் பக்கமா இறங்கினதில்ல, அதனால இறங்கறப்போ காப்பி அடிக்க உங்ககிட்ட ஒண்ணும் இல்ல, ஒழுங்கா ஓட்டறீங்க. மறதி நோய்க்கு ஏத்தம் எது இறக்கம் எதுன்னு தெரியுமா என்ன. எங்கப்பாவும் இதே கேசுதான், நாப்பது வருஷமா மேட்டுல நின்னவரு, அவருக்கும் நான்தான் சொன்னேன், இன்னும் என்கூடப் பேசல என்றாள். ப்ரீஷா, நான் அந்த ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மார்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. ஒரு ஆடு வந்து என் கையுறையைக் கடித்துப் பார்த்தது, அதை விரட்டக்கூடத் தோன்றவில்லை.

டாக்டரிடமும் கட்டாயம் போங்க, நான் சொல்றது ஓட்டறதைப் பத்தி மட்டும்தான் என்றாள் கிர்ரீ. போனேன். கண்ணும் நினைவும் இந்த வயதுக்கு நன்றாக இருக்கின்றன என்றார், சல்லடை விஷயத்தைச் சொன்னதற்கு, எனக்கு நேத்து என் மச்சான் பேரே வரல என்றார். கிர்ரீ பூசி மெழுகுகிறவள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கழுத்து முன்பு போலத் திரும்பவில்லை, அதனால் தோளோடு சேர்ந்து திரும்பிப் பார்க்க வேண்டும், ஈரத்தில் மலை வேண்டாம், விரல் மரத்துப்போனால் நிறுத்திவிட வேண்டும் என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மே மாதம் சனிக்கிழமைகளில் அவளோடு ஏறி ஏறி இறங்கினேன், ஒவ்வொரு வலது வளைவிலும் என் பக்கம் என் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. முதல் நாட்களில் கை தானாக வளைவை அறுக்கப் பார்த்தது, இப்போது சொல்லாமலே தன் பக்கத்தில் நிற்கிறது.

பந்தயத்துக்கு முன்னால் மார்ஷல்களின் தலைவரிடம் போய் இந்த வருஷம் என்னை வளைவில் போடாதீர்கள், நேர்ச் சாலையில் எங்கேயாவது போடுங்கள் என்றேன். அங்க என்னம்மா இருக்கு, சர்ருனு ஒரு சத்தம், அவ்வளவுதான், தூங்கிடுவீங்க என்றார். எனக்கு அதுதான் வேணும் என்றேன். ஒரு மாட்டுப் பண்ணை வேலிக்குப் பக்கத்தில் நின்றேன், ஒன்றுமே நடக்கவில்லை, நல்ல தேநீர் கிடைத்தது. வருத்தமில்லாமல் இல்லை. ஆனால் பார்ப்பது வேண்டுமா ஓட்டுவது வேண்டுமா என்றால் எனக்கு ஓட்டுவதுதான் வேண்டும், அது இந்த வருஷம்தான் எனக்கே தெரிந்தது.

போன ஞாயிறு ஒரு அதிசயம். ஆம்பளை பொம்பளைக்குப் பின்னாடி உக்கார்றதா என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்த உன் அப்பா, பழைய ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, கிளம்பு, நானும் வர்றேன் என்றார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏறுவதற்கே வீட்டுச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டார் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். மலை ஏறும்போது என்னைப் பிடித்துக்கொள்வார் என்று பார்த்தேன், பிடிக்கவில்லை, குனிந்து எதையோ பார்த்துக்கொண்டே வந்தார். மேலே இறங்கி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, காத்து என்றார். பிறகு, ஊர்ல இருந்து இங்க வரைக்கும் கோட்டையேதான் பாத்துக்கிட்டு வந்தேன், ஒரு இடத்துலயும் நீ கிட்டப் போகல மோனா என்றார். அவரும் ஏப்ரலிலிருந்து தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகையால் வண்டியை விற்கவில்லை. நீ பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், நீ என் மகள், பயப்படுவாய். ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என்னைச் சோதித்துப் பார்க்க இப்போது எனக்கு ஒரு வழி தெரியும். என்றைக்காவது இறங்கும்போதும் நான் அந்தக் கோட்டைத் தாண்டினால், அது பந்தயம் பார்த்த பழக்கமாக இருக்காது. அன்றைக்கு வண்டியை மலையிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வீட்டுக்கு வருவேன். முதலில் உனக்குத்தான் சொல்வேன், போனில், எனக்குப் பேச்சு வராவிட்டாலும்.

குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். ஆலினுக்குப் பின்னிய கம்பளித் தொப்பியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், பெரிதாக இருந்தால் வளரட்டும் என்று விட்டுவிடு. கிறிஸ்துமஸுக்கு வருவது உறுதியானால் சீக்கிரம் எழுது, உன் அறையில் அப்பாவின் மீன்பிடிச் சாமான்கள் இருக்கின்றன, அவற்றை அவரிடமிருந்து பிரிக்க எனக்கு ஒரு மாதமாவது வேண்டும்.

இன்று இறங்கும்போதும் தன் பக்கத்திலேயே வந்து சேர்ந்த,
உன் அம்மா
மோனா கெர்மோட்