நற்கருணை நேரத்தில் ஜாதிக்காய்

அப்பா,

இன்று காலை சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஊறுகாய்க் கடைப் பாய் ஒரு ஜாடியின் மூடியைத் திறந்தார். சீனியில் ஊறின ஜாதிக்காய் வாசனை. அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டேன். மீன் பையிலிருந்து காலில் தண்ணீர் சொட்டுகிறது, பின்னால் ஒரு சீன அம்மாள் வழி விடச் சொல்லி அதட்டுகிறாள், நான் ஜாடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"என்னக்கா, ஒங்க அப்பாவ ரொம்ப நாளா காணோமே? நல்லா இருக்காரா?" என்றார் பாய்.

"நல்லா இருக்காரு பாய்," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. உங்களை அடக்கம் செய்த இடத்தில் புல்கூட நன்றாகப் பிடித்துவிட்டது. மோட்சமாவது, நித்திய வாழ்வாவது என்று கேள்வி கேட்டே உங்கள் உயிரை வாங்கினவள் நான். அந்த நான் நட்ட நடு மார்க்கெட்டில் நின்று நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். பாயும் நம்பிவிட்டார். நீங்கள் வாங்குவதுபோலவே பொடியாக நறுக்கினதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சட்டைப் பையில் அந்தப் பொட்டலம் இருக்கும். பூசையில் அப்பம் வாங்குகிற நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்பது சபையின் சட்டம். உங்களுக்கு அது போதாது. எழுந்ததிலிருந்து கோப்பிகூடத் தொட மாட்டீர்கள். வெறும் வயிற்றோடு போய், முதல் வாசகத்தை, துறைமுகத்தில் கணக்கெழுதின கிராணிக் குரலில், கப்பலுக்குக் கேட்கிறாற்போல் வாசிப்பீர்கள். பூசை முடிந்து வாசற்படி இறங்கினதும் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, "வா, பசியாறப் போவோம்" என்பீர்கள். அம்மா இறந்துபோய் நீங்கள் எங்களோடு வந்துவிட்ட பிறகும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

மாற்றினது நான்தான். ஜோயலுக்கு டெங்கி வந்ததே, அதிலிருந்து.

ஆசுபத்திரியில் என் மகனுக்குப் பக்கத்துக் கட்டிலில் சிம்பாங் அம்பாட் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை. அதன் அம்மா தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். நான் மாதாவிடம் அழுதுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே பிளாஸ்கிலிருந்து மைலோ குடித்துக்கொண்டு, மாறி மாறி இரண்டு பிள்ளைகளின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தோம். ஜோயலுக்குக் காய்ச்சல் இறங்கின அன்று அந்தக் குழந்தை இறந்துபோனது. அதன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நீங்கள்தான் நின்றீர்கள்.

அடுத்த ஞாயிறு நம் கோயிலில் ஜோயலுக்காக நன்றிப் பூசை. "ஆண்டவர் நம்ம ஜெபத்தைக் கேட்டுட்டாரு" என்று ஆளாளுக்கு என் கையைப் பிடித்தார்கள். எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. காடியில் ஏறிக் கதவைச் சாத்தினதும் வெடித்தேன்.

"நம்ம ஜெபம் கேட்டுச்சுன்னா, அவ ஜெபம் ஏம்ப்பா கேக்கல? அவ கொறச்சலாவா அழுதா? ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைன்னு விட்டுட்டாரா?"

நீங்கள் வேதாகம வசனம் ஒன்றை எடுத்து வீசுவீர்கள் என்று காத்திருந்தேன். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வண்டி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, "தெரியலம்மா" என்றீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, "நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போய்வருகிற நான், விசுவாசி ஒருவர் 'தெரியாது' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அதன் பிறகு நற்கருணை வாங்க என்னால் போக முடியவில்லை. சாமியார் அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றால் "ஆமென்" சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் வரவில்லை. வராததைச் சொல்லி வாங்குவது கள்ளத்தனம் என்று பட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

பூசைக்கே போகாமல் வீட்டில் இருந்துவிடுவது சுலபம். கோயிலுக்குப் போய் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பது அப்படியில்லை. பெஞ்சே எழுந்து போகும்போது, முழங்காலை மடக்கி ஒவ்வொருவருக்கும் வழி விட வேண்டும். போகிறவர்கள் ஒரு தரம் பார்ப்பார்கள், திரும்பி வரும்போது இன்னொரு தரம் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரரும் ஜோயலும் போனார்கள். நீங்களும் போனீர்கள். வந்து முழங்காலிட்டு ஜெபித்தீர்கள்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் எழுந்தார்கள். நீங்கள் எழவில்லை.

"போங்கப்பா," என்று கிசுகிசுத்தேன்.

"இருக்கட்டும்."

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டுமே. வீட்டுல ஒரு ஆளு சாப்பிடாம உக்காந்திருக்க, நான் எப்பவாச்சும் கை நனைச்சிருக்கேனா?"

எனக்குக் கோபம் வந்தது. பட்டாளம்போல் வரிசை நகர்கிறது. நீங்கள் மெல்லச் சட்டைப் பையில் கைவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு ஜாதிக்காயை என் உள்ளங்கையில் வைத்தீர்கள். "நமக்குத்தான் இன்னிக்கு உபவாசம் இல்லியே, சாப்பிடுலா" என்று கண்ணைச் சிமிட்டினீர்கள். கோயிலுக்குள், அதுவும் அந்த நேரத்தில்! சிரிப்பை அடக்கி அடக்கி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் பாதி சிரிப்பில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

ஊர் வாய்க்கு உலைமூடியா இருக்கிறது? நற்கருணை வாங்காதவன் சாவான பாவத்தில் இருக்கிறான் என்பது கணக்கு. கோயிலில் பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் பிலோமினா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். நான் தேநீர் கலக்கிக்கொண்டிருக்க, ஹாலில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இந்த வயசுல அப்படி என்ன பாவம் பண்ணிட்டீங்க? சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்து வாங்குங்கண்ணே" என்றார். பெண் விஷயமோ என்று அவருக்குச் சந்தேகம். நீங்கள் மறுக்காமல், "வயசா முக்கியம் பிலோமி?" என்று பெருமூச்சு விட்டீர்களே, அந்த அம்மாள் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

சிரித்தோம். ஆனால் அந்த வாரமே கோயில் குழுவிலிருந்து ஒருவர் வந்து, விஷயம் தெளிவாகும்வரை வாசகம் வாசிக்க வேண்டாமே என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். அது உங்களைத் தைத்தது. சனிக்கிழமை மாலை வழக்கம்போல வாசகத்தைச் சத்தமாக வாசித்துப் பழக ஆரம்பித்து, பாதியில் நிறுத்திப் புத்தகத்தை மூடியதைச் சமையலறையிலிருந்து பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு நானும் வந்து வாங்கிக்கிறேன்ப்பா. ஒரு ஆமென்தானே, சொல்லிட்டுப் போறேன்" என்றேன்.

உங்களுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"எனக்காக வாயைத் தொறக்காத! மனுஷனுக்காகப் பொய் சொல்லிக்கிட்டு ஆண்டவர் முன்னால நிப்பியா? நீ நெசமா கேட்ட கேள்வி அது. அத விட்டுக் குடுக்காத."

இப்படிப் பேச எத்தனை விசுவாசிகளுக்குத் தைரியம் வரும்? நானென்றால் பிள்ளையின் ஆத்துமம் நரகத்துக்குப் போய்விடும் என்று ஒப்பாரி வைத்திருப்பேன்.

உட்கார்ந்து பார்த்ததில் நீங்கள் ஒன்றைக் கண்டுகொண்டீர்கள். "இத்தன வருசம் முன்னுக்குப் பாத்தே போய்ட்டேன்மா. பின்னால யாரு உக்காந்திருக்கான்னு திரும்பினதே இல்ல" என்றீர்கள். கடைசி பெஞ்சு ஓரத்தில் ஸ்டெல்லா இருந்தாள். அடித்து விரட்டின புருஷனை விட்டுவிட்டு இன்னொருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். கோயில் கணக்கில் அது திருமணமில்லை என்பதால் அவளுக்கும் நற்கருணை கிடையாது. தவறாமல் வருவாள், முழங்காலை மடக்கிக்கொள்வாள், பூசை முடியும் முன்னே போய்விடுவாள். அவள் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள்தான் ஒரு ஞாயிறு வாசலுக்கு விரைந்து போய்க் கேட்டு வந்தீர்கள்.

தவக்காலம் முழுதும் என்னோடு உட்கார்ந்தீர்கள். ஈஸ்டர் காலையில் நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "போங்கப்பா. நான் பசியில இல்ல, கோவத்துல இருக்கேன். அது வேற" என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "கோவிச்சுக்கிட்டவளுக்கும் சோறு எடுத்து வைக்கணும்லா" என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கினீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் கன்னம் நனைந்திருந்தது. எவ்வளவு பட்டினி கிடந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பின் வாசிப்பும் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வரிசையில் கடைசி ஆளாகப் போய் வாங்கிக்கொண்டு, நம் பெஞ்சுக்கு வராமல் நேரே கடைசி பெஞ்சுக்குப் போய் ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அங்கே என்ன செய்தீர்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

உங்கள் அடக்கப் பூசையில் நான் முதல் பெஞ்சில். எனக்கு முன்னால் உங்கள் பெட்டி. நற்கருணை நேரம் வந்தது. மகள்தானே, அப்பாவுக்காக இன்றைக்காவது எழுவாள் என்று கோயிலே என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. எழுந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் இருந்தது. 'எனக்காக வாயைத் தொறக்காத' என்று நீங்கள் கத்தினது காதில் விழுந்தது. முழங்காலை மடக்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் போனார், ஜோயல் போனான், பிலோமினா அக்கா என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். முழுப் பெஞ்சும் காலியானது. அவ்வளவு தனியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை, அப்பா.

அப்போது பின்னாலிருந்து ஒருத்தி நடந்து வந்தாள். வரிசையில் சேரவில்லை. எல்லோரும் பார்க்க என் பெஞ்சுக்குள் நுழைந்து, என்னை ஒட்டி உட்கார்ந்தாள். ஸ்டெல்லா. கைப்பையைத் திறந்து, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள்.

"அங்கிள் வாராவாரம் குடுப்பாருக்கா," என்றாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, உங்கள் பெட்டியைப் பார்த்து அழுதோம்.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சிம்பாங் அம்பாட் பக்கம் வண்டி போனால் இப்போதும் அந்த அம்மாவின் வீடு எதுவாக இருக்கும் என்று ஜன்னல் வழியே தேடுகிறேன். ஆமென் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்வேன், வராவிட்டால் உட்கார்ந்திருப்பேன். ஆனால் இப்போது என் இடம் கடைசி பெஞ்சு. போன வாரம் அங்கே புதிதாக ஒரு பையனும் பெண்ணும், கல்யாணம் கோயிலில் நடக்கவில்லையாம், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா என்னை முழங்கையால் இடித்தாள். அவள் பொட்டலத்தில் இரண்டே துண்டுதான் மிச்சம் இருந்தது, கொடுத்துவிட்டோம். பாய் இன்று நல்ல நேரத்தில்தான் கட்டிக் கொடுத்தார். கைப்பையில் போட்டு வைத்திருக்கிறேன், அப்பா. நாளைக்கு ஞாயிறு.